செயின்ட் ஆங்கர்: வெட்டுவதற்கு ஆளில்லாமல் போன ஆல்பம்

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் முதல் ஐந்து ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, அதே ஆவலோடு 2003இல் வெளிவந்த ‘செயின்ட் ஆங்கர்’ பக்கம் போனதாகவும், இரண்டாவது பாட்டிலேயே காது வலித்து நிறுத்திவிட்டதாகவும் சொல்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ள குழு, பணத்துக்கும் நேரத்துக்கும் ஸ்டுடியோ வசதிக்கும் குறைவில்லாத குழு, இப்படி ஒன்றை எப்படி வெளியே விட்டது, எல்லோரும் கேலி செய்யும் அந்த டிரம் ஒலி மட்டும்தான் காரணமா என்பது உங்கள் கேள்வி.

டிரம் ஒலி வெளியே தெரிந்த கொப்புளம். காய்ச்சல் உள்ளே இருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்த அந்த வேலையில் ‘இது சரியில்லை, எடுத்துவிடு’ என்று சொல்லும் பொறுப்பு யாரிடமும் இல்லாமல் போயிற்று. சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். ஆனால் அன்றைய சூழ்நிலையில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் குழுவே உடைந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டால்தான் ஸ்நேர் (கேலிக்கு ஆளான அந்த டிரம்), சோலோ (கிட்டாரின் தனி வாசிப்பு) இல்லாமை, அளவுக்கு மீறிய நீளம் ஆகிய மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பது விளங்கும்.

2001 ஜனவரியில் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் குழுவை விட்டு விலகினார். பதினான்கு ஆண்டுகள் உடனிருந்தவர். ‘எக்கோபிரெய்ன்’ என்ற தன் தனிப்பட்ட இசை முயற்சிக்கு பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு இடம் கொடுக்காததுதான் உடனடிக் காரணம் என்றாலும், 1986இல் சுவீடன் நாட்டுப் பேருந்து விபத்தில் இறந்த முந்தைய பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டனின் இடத்துக்கு வந்த நாளிலிருந்தே அவர் முழு உறுப்பினராக நடத்தப்படவில்லை என்ற மனக்குறை உள்ளே இருந்தது. 1988இல் வந்த ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் அவருடைய பேஸ் கிட்டார் காதில் விழாத அளவுக்குத் தாழ்த்தி வைக்கப்பட்டதை நீங்களே கேட்டிருப்பீர்கள். போதாததற்கு 2000இல், இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, பாட்டுகளைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளர்களின் பட்டியலை அந்த நிறுவனத்திடமே ஒப்படைத்து, தங்கள் ரசிகர்களையே பகைத்துக்கொண்ட நேரமும் அதுதான்.

அந்த நிலையில், 2001 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ பகுதியில் இருந்த பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கினார்கள். பாட்டுகளை எழுதி எடுத்துவராமல் வெறுங்கையோடு உட்கார்ந்து, கூடி வாசித்து, வாசிப்பதிலிருந்து பாட்டை உருவாக்குவது என்பது திட்டம். சில வாரங்களிலேயே வாக்குவாதம் முற்றி ஹெட்ஃபீல்டு கதவை ஓங்கி அறைந்துவிட்டு வெளியேறினார். ஜூலையில் குடிப்பழக்கத்துக்கான சிகிச்சைக்குப் போனார். அவர் திரும்பி வேலைக்கு வந்தது 2002 ஏப்ரலில். வந்தவரும், சிகிச்சையின் ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக, பகல் பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை மட்டுமே வேலை செய்வேன் என்றும், தான் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் பதிவுகளைக் கேட்கவோ அவற்றைப் பற்றி முடிவெடுக்கவோ கூடாது என்றும் நிபந்தனை வைத்தார். இரவெல்லாம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒவ்வொரு நொடியையும் அலசிப் பழகிய டிரம் கலைஞர் லார்ஸ் உல்ரிக்குக்கு அது கைவிலங்கு மாட்டியதைப் போல இருந்தது. சான் ரஃபேலில் அமைத்த புதிய ஸ்டுடியோவில் மீதி வேலை நடந்தது.

இவ்வளவும் நமக்கு இவ்வளவு நுணுக்கமாகத் தெரிவதற்குக் காரணம், ஜோ பெர்லிஞ்சர், புரூஸ் சினாஃப்ஸ்கி ஆகிய இருவரும் அந்தக் காலம் முழுக்கக் கேமராவோடு கூடவே இருந்ததுதான். அவர்கள் எடுத்த ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ ஆவணப்படம் 2004இல் வந்தது. குழு உறவைச் சீர்செய்ய ஃபில் டௌல் என்ற ஆற்றுப்படுத்துநரை மாதம் 40,000 டாலர் சம்பளத்தில் அமர்த்தியிருந்தார்கள். அவர் தந்த பயிற்சியின் சாரம், ஒவ்வொருவரும் மற்றவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும், எவருடைய பங்களிப்பையும் தாழ்வாக எண்ணக் கூடாது என்பது. குடும்பத்துக்கு மிக நல்ல விதி. பாட்டு எழுதும் இடத்துக்கு அது பொருந்தவில்லை என்பது என் எண்ணம். பத்து யோசனை வந்தால் ஒன்பதைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் தூக்கிப் போட்டால்தான் பத்தாவது யோசனைக்கு இடம் கிடைக்கும். எல்லா யோசனைக்கும் மரியாதை என்று ஆரம்பித்தால் எல்லாமே ஆல்பத்துக்குள் வந்துவிடும். வந்தும்விட்டது. ஒரு கட்டத்தில் அந்த ஆற்றுப்படுத்துநரே பாடல் வரிகளுக்கு யோசனை சொல்லத் தொடங்கியதையும், இவர் தன்னையும் குழுவில் ஒருவராக நினைத்துக்கொண்டாரோ என்று அவர்கள் சங்கடப்படுவதையும் படத்தில் பார்க்கலாம்.

இனி அந்த ஸ்நேருக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்நேர் டிரம்மின் அடிப்பக்கத் தோலை ஒட்டி மெல்லிய எஃகுச் சுருள் கம்பிகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். மேல்தோலில் குச்சி விழுந்ததும் அந்தக் கம்பிகள் அடித்தோலில் மோதிச் சலசலக்கும். நாம் ‘சட்’ என்று கேட்கும் அந்த வெடிப்பான, சட்டென்று அடங்கிவிடும் ஓசை அந்தக் கம்பிகளின் கைங்கரியம். பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் தட்டினால் கம்பிகள் தோலிலிருந்து விலகிவிடும். அப்போது அடித்தால் ‘சட்’ போய் ‘டங்’ என்ற ரீங்காரம் மட்டும் மிஞ்சும். ஒருநாள் லார்ஸ் அந்த நெம்புகோலை மேலேற்ற மறந்தபடியே வாசித்தார், திரும்பப் போட்டுக் கேட்டபோது அந்த ஒலி அவருக்குப் பிடித்துவிட்டது, அப்படியே வைத்துக்கொண்டார். ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ஃபிரான்டிக்’ தொடங்கிய சில நொடிகளிலேயே காலி மண்ணெண்ணெய் டின்னைக் கம்பியால் தட்டுவது போல் ஒன்று கேட்கிறதே, அது இதுதான்.

நம்மூர்க் காது இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்னும் கருப்புப் பூச்சு எதற்காக இருக்கிறது? வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) ஒன்றோடொன்று இசையாதவை. அவற்றுக்கு ஒரு சுருதி கிடையாது. கரணை அந்த மேற்சுரங்களை இழுத்து ஒழுங்குக்குக் கொண்டுவந்து, தோலைக் கிட்டத்தட்ட ஒரு தந்தியைப் போலப் பாட வைக்கிறது. சி.வி. ராமன் 1920இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மேலை நாட்டு டிரம்மில் கரணை கிடையாது. அங்கே சுருள் கம்பிகளின் சலசலப்பு அந்த இசைவற்ற மேற்சுரங்களின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தி மறைத்துவிடுகிறது. லார்ஸ் செய்தது அந்தப் போர்வையை உருவியது. ஒரு பாட்டில், ஒரு பகுதியில், ஒரு நிறத்துக்காகச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை, பலர் செய்வதுதான். எழுபத்தைந்து நிமிடமும், ஒவ்வொரு இரண்டாவது நான்காவது அடியிலும், கிட்டாரும் குரலும் குடியிருக்கும் அதே நடுத்தர அலைவரிசையில், சுருதியே இல்லாத ஒரு ரீங்காரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் காது களைத்துப்போகாமல் என்ன செய்யும்? நீங்கள் இரண்டாவது பாட்டில் நிறுத்தியது உங்கள் ரசனைக் குறைவு அல்ல.

ஒரு கலைஞர் தற்செயலாகக் கிடைத்த ஒலியில் மயங்குவது தவறில்லை, தினமும் நடப்பது. மறுநாள் காலையில் ‘நேற்று நன்றாகத்தான் இருந்தது, இன்று வேண்டாம்’ என்று சொல்ல ஒரு தயாரிப்பாளர் இருப்பார் என்பதுதான் வழக்கம். இங்கே அந்த மறுநாள் காலை வரவே இல்லை.

சோலோ விஷயம் இதைவிட ஆழமானது என்பேன், ஏனென்றால் ஸ்நேர் காதைத்தான் கெடுத்தது. சோலோவை எடுத்தது பாட்டின் எலும்புக்கூட்டையே கெடுத்தது. பதினொரு பாட்டில் ஒன்றில்கூட கிர்க் ஹாமெட்டின் கிட்டார் சோலோ கிடையாது. தனி ஒருவரின் சாமர்த்தியத்தைக் காட்டுவது இப்போதைய மனநிலைக்கு ஒவ்வாது, குழுவாக ஒலிக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். கோர்ன், லிம்ப் பிஸ்கிட், ஸ்லிப்நாட் போன்ற அன்றைய இளைய குழுக்கள் சோலோ இல்லாமல், தந்திகளின் சுருதியைக் கீழிறக்கி வாசித்துக் கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தன என்பதும் எல்லோருக்கும் தெரியும். சோலோவைத் தவிர்த்தால்தான் இந்த ஆல்பம் ஒரு குறிப்பிட்ட காலத்தின் மோஸ்தராகத் தேங்கிவிடும் என்று ஹாமெட் ஆவணப்படத்தில் வாதாடுகிறார். அவர் சுபாவம் சண்டைக்குப் போகாத சுபாவம். தணிந்த குரலில் சொல்லிப் பார்க்கிறார், எடுபடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அந்த அறையில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

மெட்டாலிகாவின் பாட்டமைப்பில் சோலோ என்பது அலங்காரமாக இருந்ததே இல்லை. ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டரை நிமிடம் ஓடுகிறது. ஒரு நிமிடமாவது நீளம் என்று தோன்றியதா? மூன்றரை நிமிடத்துக்குப் பிறகு வேகமெல்லாம் அடங்கி, தெளிந்த கிட்டார் ஒலியில் ஒரு மெல்லிய பகுதி வருகிறது. அதன் மேல் ஹெட்ஃபீல்டே ஒரு சிறிய, பாடத்தக்க சோலோவை வாசிக்கிறார். அங்கிருந்து மெல்லப் பாரம் ஏறி, ஹாமெட்டின் வேகச் சோலோவில் வெடித்து, பழைய ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடருக்கு) வரும்போது அதே ரிஃப் முன்னைவிட இரண்டு மடங்கு பலத்தோடு வந்து விழுகிறது. சோலோதான் அங்கே திருப்புமுனை. அதைக் கடந்து வருவதால்தான் திரும்பி வந்ததன் அருமை தெரிகிறது. திருப்பமே இல்லாத நேர்ச்சாலையில் எட்டு நிமிடம் ஓட்டினால் தூக்கம்தான் வரும்.

‘செயின்ட் ஆங்கர்’ அந்த நேர்ச்சாலை. ஆல்பத்தின் மொத்த நீளம் 75 நிமிடம். பதினொரு பாட்டில் ஒன்றுகூட ஐந்து நிமிடத்துக்குக் குறைவில்லை. மூன்று பாட்டுகள் எட்டு நிமிடத்தைத் தாண்டுகின்றன. மணிக்கணக்கில் வாசித்ததைப் புரோ டூல்ஸ் மென்பொருளில் ஏற்றி, துண்டு துண்டாக நறுக்கி, ஒட்டித் தைத்துப் பாட்டாக்கினார்கள். ஒட்டிய தையல் வெளியே தெரிகிறது. ஒரு ரிஃப் வருகிறது, இன்னொன்று வருகிறது, முதலாவது அப்படியே திரும்ப வருகிறது. இரண்டாம் முறை வரும்போது அது எதையும் கற்றுக்கொண்டு வருவதில்லை. ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ என்ற பாட்டுக்கு, எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் மூலத்தை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கி, தனிப்பாடல் வெளியீட்டுக்காக ஒரு வடிவத்தைப் பின்னர் கொண்டுவந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வெட்டுப்பட்ட நான்கு நிமிடத்தில் எதையாவது இழந்ததாக எனக்குப் பட்டதில்லை. அதே கத்தரியை ஆல்பம் வெளிவருவதற்கு முன்னால் எடுத்திருக்கலாமே என்றுதான் பட்டது.

பாடல் வரிகளைப் பற்றிக் கடுமையாகப் பேச எனக்கு மனமில்லை. குடியிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஒரு மனிதர் தன் கோபத்தையும் அச்சத்தையும் நேரடியாகச் சொல்கிறார். ஆனால் முன்பெல்லாம் தனியாக உட்கார்ந்து வரிகளை எழுதி இழைத்துக்கொண்டிருந்தவர், இந்த முறை எல்லோரும் ஒரு வரி தரலாம் என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். நாட்குறிப்பிலிருந்து கிழித்த பக்கங்களைப் போல வரிகள் இருக்கின்றன. நாட்குறிப்பு எழுதியவருக்கு அது மருந்து. படிக்கிறவருக்கு அது பாட்டாக வேண்டுமானால் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருவோம்: தயாரிப்பாளர் பாப் ராக். 1991இல் கருப்பு அட்டையோடு வந்த ‘மெட்டாலிகா’ ஆல்பத்தைத் தயாரித்தவரும் இவர்தான். அப்போது அவர் வெளியாள். குழுவுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் மல்லுக்கட்டு. ‘என்டர் சாண்ட்மேன்’ பாட்டுக்கு ஹெட்ஃபீல்டு முதலில் எழுதிய வரிகளைக் கேட்டு, இதைவிட நன்றாக உன்னால் எழுத முடியும் என்று அவரும் லார்ஸும் திருப்பி அனுப்பினார்கள். அதுவரை ஹெட்ஃபீல்டிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. கோபம் வந்தது, போய் மாற்றி எழுதினார். உலகமே முணுமுணுக்கும் பாட்டு அதிலிருந்து வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து அதே பாப் ராக், நியூஸ்டெட் போன இடத்தில் தானே பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசித்தார். பாட்டு எழுதுவதிலும் பங்கு பெற்றார். குழுச் சண்டைகளில் சமாதானம் பேசினார். ஆல்பத்தில் கேட்கும் பேஸ் அவருடையது. புதிய உறுப்பினரான ராபர்ட் ட்ருஹியோ 2003 பிப்ரவரியில் வந்து சேர்ந்தபோது பதிவு வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. தானே வாசித்து, தானே எழுதி, தானே நீதிபதியாகவும் இருப்பது எவராலும் ஆகாத காரியம். முதன்முதலாகக் கூடி ஒரு காலி ஷெட்டில் வாசிக்கும் பையன்களைப் போல ஒலிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் கையில் கோடிகளும் தலையில் இருபது ஆண்டுக் கனமும் உள்ள நாற்பது வயதுக்காரர்கள் பையன்களைப் போல ஒலிக்க முயன்றால், முயற்சிதான் காதில் விழும்.

ஆவணப்படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. லார்ஸின் தந்தை டோர்பென் உல்ரிக், டென்மார்க்கின் பழைய டென்னிஸ் வீரர், நீண்ட வெண்தாடியோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிறார். மகன் ஒரு பதிவைப் போட்டுக் காட்டி, கருத்துக் கேட்கிறார். முதியவர் முழுவதும் கேட்டுவிட்டு, முகத்தில் சலனமே இல்லாமல், நானாக இருந்தால் இதை அழித்துவிடுவேன் என்கிறார். லார்ஸின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் இசையைப் பற்றி யாரும் இவ்வளவு தெளிவாக ஒரு தீர்ப்பைச் சொல்வதில்லை. அவருக்கு மட்டும் அது முடிந்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை; அவரை யாரும் வேலையிலிருந்து நீக்க முடியாது, அவர் சொன்னதால் யாரும் சிகிச்சைக்குப் போகப் போவதும் இல்லை.

ஆல்பம் 2003 ஜூன் 5 அன்று வந்தது. இணையத்தில் கசிந்துவிடும் என்று அஞ்சி, அறிவித்த தேதிக்குச் சில நாட்கள் முன்னதாகவே வெளியிட்டார்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. தலைப்புப் பாட்டுக்கு 2004இல் கிராமி விருதும் கிடைத்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டியது. ‘பிட்ச்ஃபோர்க்’ இணைய இதழ் பத்துக்கு 0.8 மதிப்பெண் போட்டது. எனவே முதல் நாளிலிருந்தே எல்லோரும் வெறுத்தார்கள் என்பது பின்னால் கட்டிய கதை. பணம் கொடுத்து வாங்கியவர்கள் ஒருமுறை கேட்டார்கள், இன்னொருமுறை கேட்கத் துணிவில்லாமல் அலமாரியில் வைத்தார்கள். வெறுப்பு மெதுவாகத்தான் ஊறியது.

இந்த ஆல்பத்துக்காகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அந்தக் குழு அன்று இருந்த நிலையை இது ஒளிக்காமல் காட்டுகிறது, மெழுகிப் பூசவில்லை, அதனால் இது உண்மையானது என்கிறார்கள். லார்ஸும் பின்னாளில் பேட்டிகளில் ஏறத்தாழ இதையே சொல்லி, எடுத்த முடிவுக்கு முழுமையாகத் துணை நிற்கிறார். ஹெட்ஃபீல்டு கொஞ்சம் இறங்கி வருகிறார்: அந்தத் தகர ஸ்நேர் கொஞ்சம் குறைந்திருக்கலாம், ஆனாலும் இவையெல்லாம் எங்கள் வரலாற்றின் பகுதி என்பது அவர் கட்சி. உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சலில் புலம்புவதும் உண்மைதான். அதை எழுபத்தைந்து நிமிடம் கேட்க வேண்டும் என்று அடுத்தவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 1983இல் வந்த ‘கில் எம் ஆல்’ கூடத்தான் கரடுமுரடான பதிவு. அங்கே கையில் காசு இல்லாததால் வந்த கரடு. இங்கே கரடாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்துச் செய்த கரடு. காதுக்கு வித்தியாசம் தெரிகிறது.

மூத்த மெட்டல் குழுக்கள் இப்படிச் சறுக்குவது புதிதல்ல. பிளாக் சப்பாத் 1995இல் ‘ஃபர்பிடன்’ ஆல்பத்தை ‘பாடி கவுன்ட்’ குழுவின் எர்னி சி.யைத் தயாரிப்பாளராக வைத்துச் செய்தது. காலத்தோடு ஓட வேண்டும் என்ற அவசரத்தில் முதல் பாட்டிலேயே ராப் கலைஞர் ஐஸ்-டியின் குரலையும் சேர்த்தது. ஒலி மெலிந்து, குழுவின் சாயலே இல்லாமல் போயிற்று. அயர்ன் மெய்டன் 1998இல் வெளியிட்ட ‘விர்ச்சுவல் லெவன்’ ஆல்பத்தில் ஒரே பல்லவியைப் பத்து நிமிடம் வரை இழுக்கும் ஒரு பாட்டு உண்டு. யாராவது நிறுத்துங்களேன் என்று நாமே குரல் கொடுக்கத் தோன்றும். ஆனால் டோனி அயோமி தன் தவறோடு நீண்ட நாள் வாழ்ந்துவிட்டு, 2024இல் ‘ஃபர்பிடன்’ ஆல்பத்தின் ஒலிக்கலவையைத் தானே உட்கார்ந்து மாற்றியமைத்து வெளியிட்டார். மெட்டாலிகா தன் பழைய ஆல்பங்களைப் பெரிய பெட்டிகளாக மறுவெளியீடு செய்துவரும் இந்தக் காலத்திலும் ‘செயின்ட் ஆங்கர்’ ஒலிக்கலவையில் கை வைத்ததில்லை. பொறுக்கமுடியாத சில ரசிகர்கள் 2015இல் தாங்களே முழு ஆல்பத்தையும் ஒழுங்கான ஸ்நேர் ஒலியோடு புதிதாக வாசித்துப் பதிவு செய்தார்கள். ஒரு குழுவின் மீதான அன்புக்கும் ஆத்திரத்துக்கும் இதைவிட நல்ல அத்தாட்சி வேறு வேண்டாம்.

சரி, டிரம்மை மாற்றி, நீளத்தைக் குறைத்தால் உள்ளே நல்ல பாட்டு இருக்கிறதா? இருக்கிறது என்பதற்குக் குழுவே சாட்சி கொடுத்திருக்கிறது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’. கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம்; இறுதியில் ‘கொல், கொல்’ என்று தொண்டை கிழிய அலறல். முதல் முறை கேட்டபோது அந்த அலறலோடு ஆல்பத்தை மூடி வைத்ததுதான் எனக்கு நினைவு. 2018 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் மேசானிக் அரங்கில் ஓர் அறக்கொடைக் கச்சேரியில் இதே பாட்டை மின்கிட்டார் இல்லாமல், மெதுவான நடையில் வாசித்தார்கள். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ சிம்பனியோடு செய்த கச்சேரியிலும் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டால்தான் அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்பதே புரிகிறது: ஒன்றின் மீது வைத்த பாசத்தால் அதை இறுக்கிப் பிடித்து, பிடித்த பிடியிலேயே நசுக்கிவிடும் ஒரு மனிதனின் வாக்குமூலம் அது. நியூஸ்டெட்டை வெளியே போக விடாமல் பிடித்துவைக்கப் பார்த்து இழந்த கதையை இதோடு சேர்த்து வைத்துக் கேட்டால் உறைக்கும். மெலடி ஏற்கெனவே அங்கேதான் இருந்திருக்கிறது. மண்ணெண்ணெய் டின் ஓசைக்கு அடியில் பல ஆண்டுகளாகப் பலருக்கும் கேட்காமல் கிடந்திருக்கிறது. தங்கள் அறக்கட்டளைக்கும் அந்தப் பாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றால் அதன் மேல் அவர்களுக்கு உள்ள பற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆல்பமான ‘டெத் மேக்னடிக்’ 2008இல் வந்தபோது பாப் ராக்கின் இடத்தில் ரிக் ரூபின் இருந்தார். சோலோக்கள் திரும்பின, ஸ்நேர் கம்பிகள் ஏறின, பாட்டுகளுக்கு வளைவும் நெளிவும் வந்தன. அதிலும் ஒரு கோளாறு: ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றி நசுக்கியதால் சத்தம் பிசிறடித்தது, ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் இடம்பெற்ற அதே பாட்டுகள் குறுந்தகட்டைவிடத் தெளிவாகக் கேட்கின்றன என்று ரசிகர்கள் கண்டுபிடித்து மனுப்போட்டார்கள். அது தனிக் கதை. ஆனால் அந்தக் குறை ஒலியைத் தட்டையாக்கியதோடு நின்றது. பாட்டுகளை அது தொடவில்லை.

ஆகவே நீங்கள் திரும்பப் போய்க் கேட்பதானால், தொடங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மேசானிக் அரங்கின் ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’ பதிவைக் கேளுங்கள். பிறகு ஆவணப்படத்தைப் பாருங்கள். மெட்டாலிகாவே பிடிக்காதவர்களையும் உட்கார வைக்கும் படம் அது. அதற்குப் பிறகு ஆல்பத்திலிருந்து ‘ஃபிரான்டிக்’, தலைப்புப் பாட்டு, ‘தி அன்நேம்ட் ஃபீலிங்’, ‘டர்ட்டி விண்டோ’ ஆகிய நான்கை மட்டும் எடுத்துக் கேளுங்கள். ஏறத்தாழ இருபத்தாறு நிமிடம்தான் ஆகும், அந்த அளவுக்கு அந்த ஸ்நேரைத் தாங்கிக்கொள்ள முடியும். மீதி ஏழு பாட்டில் நான்கையோ ஐந்தையோ 2003இல் யாராவது எடுத்து அந்தப் பக்கம் வைத்திருந்தால், நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள், ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.